விழுப்புரத்தில் புதிதாக எத்தனை வீடு? அரசுக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது, யார் சரிபார்க்கிறார்கள்?

சென்னையிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் தெற்கே வருபவர்களுக்குத் திண்டிவனம் நெருங்கும்போதே காட்சி மாறிவிடும். வயலுக்கு நடுவே கல் நட்ட மனைகள், கொடி கட்டிய லே-அவுட் வாசல்கள், பாதி எழும்பிய சுவர்கள், ‘பின்னாடி மாடி எடுக்கணும்ல’ என்று மொட்டை மாடியில் விட்டு வைத்த கம்பிகள். விழுப்புரம் வரை இதே கதைதான். வீடு கட்டப்படுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால், எத்தனை வீடு?

இந்தக் கேள்வியை நகராட்சி, ஊராட்சி ஒன்றியம், மின்வாரியம், புள்ளியியல் துறை, சென்சஸ் என ஐந்து இடங்களில் கேட்டால் ஐந்து எண்கள் கிடைக்கும். ஐந்தில் எதுவுமே பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அலுவலகமும் எண்ணுவது வேறு வேறு விஷயம், அவ்வளவுதான்.

‘யாரோ எண்ணிட்டுப் போறாங்க, நமக்கென்ன?’ என்று விட்டுவிட முடியாது. ஒரு பகுதிக்குக் குடிநீர்க் குழாய் எத்தனை அங்குலத்தில் போடுவது, ரேஷன் கடை எங்கே திறப்பது, டிரான்ஸ்ஃபார்மர் எப்போது மாற்றுவது எல்லாமே வீட்டுக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவாகும். குடிசையில் இருக்கும் குடும்பத்துக்கு அடுத்த தவணைப் பணம் வருமா என்பதும், இஎம்ஐ கட்டி மனை வாங்கும் இளைஞருக்கு ‘இந்த ஏரியா டெவலப் ஆயிடுச்சு’ என்று சொல்லப்படுவது நிஜமா என்பதும்கூட இதே கணக்கில்தான் இருக்கின்றன.

ஒரு வீட்டுக்கு எத்தனை பிறந்தநாள்?

முதல் சிக்கல், ‘புது வீடு’ என்று எப்போது சொல்வது என்பது. பிளானுக்கு அனுமதி கிடைத்த அன்றா? பூமி பூஜை போட்ட அன்றா? கடைக்கால் தோண்டிய அன்றா? தளம் போட்ட அன்றா? வரி போட்ட அன்றா? மீட்டர் வைத்த அன்றா? கிரகப்பிரவேசம் நடந்த அன்றா? ஒரே வீட்டின் முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே ஒன்றிரண்டு ஆண்டுகள் ஓடிவிடும். இடையில் கையிருப்பு தீர்ந்து லிண்டல் மட்டத்திலேயே நின்றுபோன வீடுகளும் ஊருக்கு நாலு உண்டு.

அமெரிக்காவில் இதற்கு ஒரு தெளிவான கோடு கிழித்திருக்கிறார்கள். அஸ்திவாரத்துக்காகப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தால் அது ‘வீடு தொடக்கம்’. அங்குள்ள சென்சஸ் துறை, மாதாமாதம் அனுமதி, தொடக்கம், நிறைவு என்று மூன்று எண்களைத் தனித்தனியே வெளியிடுகிறது. அனுமதி பெற்ற வீடுகளில் ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்து, வேலை ஆரம்பித்ததா, முடிந்ததா என்று களப்பணியாளர்கள் விசாரிக்கிறார்கள். அனுமதியே தேவைப்படாத பகுதிகளில் தெருத்தெருவாகப் போய்ப் பார்க்கிறார்கள். எண்ணோடு சேர்த்து ‘இதில் இவ்வளவு சதவீதம் கூடக் குறைய இருக்கலாம்’ என்று பிழை வரம்பையும் அச்சிடுகிறார்கள். முந்தைய மாதங்களின் எண்களும் திருத்தப்படும்.

இந்தியாவிலும் இப்படி ஒரு குறியீடு வேண்டும் என்று யோசிக்கப்பட்டது. ரிசர்வ் வங்கி அமைத்த, பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையிலான குழு 2009-ல் இதற்கான அறிக்கையைத் தந்தது. நகரங்களில் கிடைக்கும் அனுமதி எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, அவற்றில் எத்தனை எவ்வளவு காலத்தில் வேலையாக மாறுகின்றன என்பதை மாதிரி ஆய்வால் கண்டுபிடித்து, தொடக்கங்களைக் கணிப்பதே அதன் அடிப்படை. ஆனால் அந்தக் கணக்கின் ஆதாரமே அனுமதிச் சீட்டுதான். அந்தச் சீட்டு எப்படி உருவாகிறது என்பதைத் திண்டிவனத்தில் பார்ப்போம்.

சீட்டு உண்டு, வீடு உண்டா?

திண்டிவனத்தில் 1,200 சதுர அடி மனையில் ஒரு தம்பதி, கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை 22-ல் முதல்வர் தொடங்கிவைத்த சுயசான்றிதழ் திட்டத்தின்படி, 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டிடமும் இருந்து, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு தளமோ என்றால், ஆன்லைனில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் செலுத்தியதும் அனுமதி கிடைத்துவிடும். அதற்கு முன் அதிகாரி நேரில் வந்து பார்ப்பது கிடையாது. ‘விதிப்படிதான் கட்டுவேன்’ என்பது உரிமையாளரின் உறுதிமொழி.

அலைச்சல் மிச்சம் என்பதில் மறுப்பில்லை. அனுமதி வாங்காமலேயே கட்டியவர்கள்கூட இப்போது சீட்டு வாங்குவதால், கணக்குக்குள் வரும் வீடுகளும் கூடும். ஆனால் இதில் புள்ளிவிவரத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அனுமதி எண்ணிக்கை ஒரே ஆண்டில் ஏறினால், கட்டுமானம் ஏறியதா அல்லது சீட்டு வாங்குவது சுலபமானதா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

நகராட்சிகள் கொடுக்கும் அனுமதி விவரங்களை மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை சேகரிக்கிறது. அங்கிருந்து அவை டெல்லியில் உள்ள தேசியக் கட்டிட அமைப்புக்குப் போகின்றன. 1954-ல் உருவான இந்த அமைப்புதான் நாடு முழுக்கக் கட்டிட அனுமதி, கட்டுமானப் பொருட்களின் விலை, கொத்தனார் - சித்தாள் கூலி போன்ற விவரங்களைத் தொகுக்கிறது. இங்கே சரிபார்ப்பு என்பது பெரும்பாலும் மேஜையில் நடக்கும் வேலைதான். போன முறை அனுப்பிய எண்ணோடு ஒப்பிடுவார்கள், விடுபட்டதைக் கேட்டு வாங்குவார்கள், கூட்டல் பிழை பார்ப்பார்கள். சீட்டு வாங்கிய மனையில் சுவர் எழும்பியதா என்பது அந்தப் படிவத்துக்குத் தெரியாது.

முடிந்த வீடு எங்கே பதிவாகிறது?

சரி, தொடக்கத்தைத் தவறவிட்டால் முடிவிலாவது பிடிக்கலாமே? அங்கேயும் ஓட்டை இருக்கிறது. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், சிறிய குடியிருப்புக் கட்டிடங்களுக்குக் கட்டிட நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு தருகின்றன. 750 சதுர மீட்டர், அதாவது சுமார் 8,000 சதுர அடி வரை இந்த விலக்கு நீள்கிறது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் தனி ஆட்கள் கட்டும் வீடுகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். அதாவது, ‘இந்த வீடு முடிந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

பெரிய அடுக்குமாடித் திட்டங்களின் கதை வேறு. 500 சதுர மீட்டருக்கு மேல் நிலமோ, 8 வீடுகளுக்கு மேலோ இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு செய்ய வேண்டும். வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று காலாண்டுக்கு ஒருமுறை சொல்ல வேண்டும். ஆனால் இந்த இரு ஊர்களிலும் வீட்டுக் கட்டுமானத்தின் முதுகெலும்பே மேஸ்திரியை வைத்துச் சொந்தமாகக் கட்டுபவர்கள்தான். ‘வீடு விற்பனை அமோகம்’ என்று வரும் தனியார் நிறுவன அறிக்கைகளும் பெரும்பாலும் 7, 8 பெருநகரங்களை மட்டுமே பார்க்கின்றன. திண்டிவனம் அந்த வரைபடத்திலேயே இருக்காது.

‘வீட்டு முன்னாடி நில்லுங்கம்மா’

நகரத்திலிருந்து கிராமத்துக்குப் போனால் நிலைமை தலைகீழ். மயிலம், ஒலக்கூர், மரக்காணம், வானூர் என விழுப்புரம் மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. இங்கே அரசுப் பணத்தில் கட்டப்படும் வீடு, இந்தியாவிலேயே அதிகமாகப் படம் பிடிக்கப்படும் வீடுகளில் ஒன்று.

பிரதமரின் ஊரக குடியிருப்புத் திட்டத்தில் சமவெளிப் பகுதி வீட்டுக்கு அடிப்படை உதவி ரூ.1.20 லட்சம். மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் பகிர்கின்றன. கான்கிரீட் கூரைக்காகத் தமிழக அரசு தனியாகவும் பணம் சேர்க்கிறது. இந்தப் பணம் மொத்தமாக வராது. பழைய குடிசை, வீடு கட்டப்போகும் இடம், கடைக்கால், லிண்டல், கூரை, முடிந்த வீடு என ஒவ்வொரு நிலையிலும் மொபைல் செயலியில் படம் எடுக்க வேண்டும். படத்தோடு அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் பதிவாகும். அது ‘ஆவாஸ் சாஃப்ட்’ என்ற இணையதளத்துக்குப் போன பிறகுதான் அடுத்த தவணை பயனாளியின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். ‘வீட்டு முன்னாடி நில்லுங்கம்மா’ என்று ஓவர்சியர் போனைத் தூக்கும் அந்தச் சில நொடிகளில்தான் புள்ளிவிவரமும் பிறக்கிறது, பணமும் நகர்கிறது.

மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லத் திட்டமும் இதே போலக் கட்டம் கட்டமாகப் பணம் தரும் திட்டம்தான். 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற இலக்குடன் 8 லட்சம் வீடுகள் என்று 2024 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. முதல் ஆண்டுக்கு ஒரு லட்சம் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ரூ.3.5 லட்சம், குறைந்தது 360 சதுர அடி.

படத்துக்கு மேல் என்ன சரிபார்ப்பு?

பிரதமர் திட்டத்தில் சரிபார்ப்பு ஐந்து அடுக்காக நடக்கிறது.

• பயனாளி பட்டியலைக் கிராம சபை பார்க்க வேண்டும். கான்கிரீட் வீடு வைத்திருப்பவர் பெயர் இருந்தால் அங்கேயே நீக்கலாம்.

• ஆதார், நூறு நாள் வேலை அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவை ஒன்றோடொன்று ஒப்பிடப்படும்.

• வழிகாட்டு நெறிகளின்படி, ஒவ்வொரு நிலையிலும் 10 சதவீத வீடுகளை ஒன்றிய அளவிலான அதிகாரிகளும், 2 சதவீத வீடுகளை மாவட்ட அளவிலான அதிகாரிகளும் நேரில் பார்க்க வேண்டும்.

• சமூகத் தணிக்கை நடக்க வேண்டும். கட்டப்பட்ட வீட்டையும் பதிவேட்டையும் ஊர் மக்கள் முன்னிலையில் ஒப்பிடுவதே இதன் வேலை.

• மத்திய அரசின் தேசிய அளவிலான கண்காணிப்பாளர்கள் மாதிரியாகச் சில ஊர்களுக்கு வருவார்கள். அதற்கும் மேல், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பின்னாளில் கோப்புகளைத் திறக்கலாம்.

இவ்வளவு இருந்தும் படத்தால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. அட்சரேகை இடத்தை உறுதிப்படுத்தும். வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை உறுதிப்படுத்தாது. இதனால்தான் பயனாளிகளைத் தேர்வு செய்யும் புதிய கணக்கெடுப்பான ‘ஆவாஸ் பிளஸ் 2024’-ல் முக அடையாளச் சரிபார்ப்பையும் சேர்த்தார்கள்.

தவறான பதிவின் விலை அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழும். ‘வீடு முடிந்தது’ என்று கணினியில் ஏறிவிட்டால், வாசல் கதவு இல்லாத வீடாக இருந்தாலும் அது முடிந்த வீடுதான். அந்தக் குடும்பம் ‘ஏற்கெனவே வீடு பெற்றவர்கள்’ பட்டியலுக்குப் போய்விடும். அடுத்த திட்டத்தில் பெயர் வருவது கஷ்டம்.

கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியுமா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் குடிசையும் மண்சுவரும் தாங்காது.

புதிய வீட்டுக் கணக்கில் அதிகம் பேசப்படாத பக்கம் இதுதான். எல்லாக் கணக்கும் கூட்டல் கணக்கு. இடிந்தது, இடிக்கப்பட்டது, மழையில் கரைந்தது எதுவும் அதே அட்டவணையில் கழிக்கப்படுவதில்லை. வருவாய்த் துறை நிவாரணத்துக்காக எடுக்கும் சேதப் பட்டியல் வேறு கோப்பில் இருக்கும். குடிசையை எடுத்துவிட்டு அதே இடத்தில் கான்கிரீட் வீடு கட்டினால், ‘கட்டப்பட்ட வீடு: 1’ என்று திட்டக் கணக்கு சொல்லும். ஊரில் உள்ள வீடுகளின் மொத்த எண்ணிக்கையோ மாறியிருக்காது. மாறியது தரம்தான். அந்தக் குடும்பத்துக்கு அது மிகப் பெரிய மாற்றம் என்பது உண்மை. ஆனால் வாடகை வீடு கிடைக்காத ஊரில் வீட்டுத் தட்டுப்பாடு குறைந்துவிட்டதாக அந்த எண்ணை வைத்து வாதிட முடியாது.

மீட்டரும் வரியும் சொல்லும் சாட்சி

சொந்தப் பணத்தில் கட்டியவர் நிறைவுச் சான்று வாங்காமல் இருக்கலாம். ஆனால் கரன்ட் இல்லாமல் குடிபோக முடியாது. கட்டும்போது தற்காலிக இணைப்பு. அதற்குக் கட்டணம் அதிகம். முடிந்ததும் வீட்டு இணைப்புக்கு மாற்றிக்கொள்வார்கள். அதேபோல் நகராட்சியில் காலிமனை வரியாக இருந்தது சொத்து வரியாக மாறும். இந்த இரண்டு மாற்றங்களும், வீடு முடிந்ததற்குக் கிடைக்கும் மறைமுகச் சாட்சிகள்.

ஆனால் சாட்சிக்கும் சொந்த லாபம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதனால் ஒரே குடும்பம் இருக்கும் வீட்டில் கீழே ஒரு மீட்டர், மேலே ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளும் ஆசை வரும். இங்கே வீட்டுக் கணக்கு உள்ளதைவிடக் கூடும். வரியிலோ எதிர்ப்பக்கம். மாடி எடுத்ததைச் சொன்னால் வரி ஏறும் என்று சொல்லாமல் விடுபவர்கள் உண்டு. இங்கே கணக்கு குறையும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தத் தெருவில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பதாவது தெரியும்.

நாட்டின் ஜிடிபி கணக்கில் கட்டுமானத் துறையை மதிப்பிடும்போதும் யாரும் வீடு வீடாக எண்ணுவதில்லை. சிமென்ட், இரும்பு, செங்கல் போன்ற பொருட்கள் எவ்வளவு செலவானது என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். வீட்டுக்குப் போன மூட்டையையும் மேம்பாலத்துக்குப் போன மூட்டையையும் அந்தக் கணக்கு ஊர்வாரியாகப் பிரித்துச் சொல்லாது.

மக்களிடமே கேட்டால்?

காகிதத்தை விட்டுவிட்டு மக்களிடமே கேட்பது இன்னொரு வழி. தேசிய மாதிரி ஆய்வின் 78-வது சுற்றில், நாடு முழுவதும் சுமார் 2.76 லட்சம் குடும்பங்களிடம் ‘2014 மார்ச் 31-க்குப் பிறகு புது வீடு வாங்கினீர்களா, கட்டினீர்களா?’ என்று கேட்டார்கள். 9.9 சதவீதக் குடும்பங்கள் ‘ஆமாம்’ என்றன. அனுமதிச் சீட்டே இல்லாத வீடும் இதில் வந்துவிடும் என்பது பெரிய பலம். ஆனால் மாதிரி ஆய்வு என்பதால், திண்டிவனத்துக்கு மட்டும் ஒரு நம்பகமான எண்ணை இதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

தெருத் தெருவாக, வீடு வீடாகப் போவது சென்சஸ் மட்டும்தான். 2011 சென்சஸ்படி திண்டிவனத்தின் மக்கள்தொகை 72,796. விழுப்புரம் நகராட்சியில் 96,253. அதற்குப் பிறகு 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், பல திட்டங்கள் இன்னமும் இந்தப் பழைய எண்களின் மீதே நிற்கின்றன. அடுத்த சென்சஸின் முதல் கட்டமான வீட்டுப் பட்டியல் எடுக்கும் பணிக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலமும், மக்களை எண்ணும் பணிக்கு 2027 பிப்ரவரியும் குறிக்கப்பட்டன. பேப்பர் படிவத்துக்குப் பதில் மொபைல் செயலி, வீட்டாரே ஆன்லைனில் விவரம் தரும் வசதி ஆகியவை இதில் புதிது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சென்சஸ் சொல்லும் ‘வீடு’ என்பது தனி வாசல் உள்ள ஓர் அலகு. கடையும் கோயிலும் பூட்டிக் கிடக்கும் வீடும் அதில் சேரும். 2011-ல் நாட்டில் இருந்த சுமார் 33 கோடி ‘சென்சஸ் வீடு’களில் ஏறத்தாழ 2.5 கோடி காலியாக இருந்தன.

எல்லையே மாறினால்?

விழுப்புரம் எண்களை எடுத்துப் பழைய ஆண்டோடு ஒப்பிடுபவர்கள் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. 2011-ல் விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 34.58 லட்சம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 22 ஒன்றியங்களில் 9 அங்கே போயின. எனவே 2018-ல் கட்டப்பட்ட வீடுகளையும் 2021-ல் கட்டப்பட்ட வீடுகளையும் ‘விழுப்புரம்’ என்ற ஒரே பெயரின் கீழ் வைத்துப் பார்த்தால், கட்டுமானம் சரிந்துவிட்டதாகத் தோன்றும். சரிந்தது வரைபடத்தின் பரப்பளவு. ஒன்றிய வாரியான எண்களை எடுத்து, பழைய ஆண்டிலிருந்தும் கள்ளக்குறிச்சி ஒன்றியங்களைக் கழித்த பிறகே ஒப்பிட வேண்டும்.

எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

வாட்ஸ்அப்பிலோ செய்தியிலோ மேடையிலோ ‘இத்தனை வீடுகள்’ என்று வந்தால், இந்த நான்கையும் கேட்டுப் பார்க்கலாம்.

1. எதை எண்ணினார்கள்? ஒதுக்கீடு, அனுமதி, தொடக்கம், நிறைவு இவற்றில் எது?

2. யார் நேரில் பார்த்தார்கள்? எத்தனை சதவீதத்தை?

3. எந்த எல்லை? நகராட்சியா, ஒன்றியமா, பழைய மாவட்டமா, புதிய மாவட்டமா?

4. எதைக் கழித்தார்கள்? இடிந்தது, பழைய வீட்டுக்குப் பதிலாக வந்தது, பூட்டிக் கிடப்பது இதில் சேர்ந்திருக்கிறதா?

மனை வாங்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். ‘இங்கே நூறு வீட்டுக்கு அப்ரூவல் ஆயிடுச்சு சார்’ என்று புரோக்கர் சொன்னால், சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு நடை போய், எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்ப்பது நல்லது.

அரசுத் திட்ட வீடுகளைப் பொறுத்தவரை, சரிபார்க்கும் அதிகாரம் ஊர் மக்களிடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பயனாளி பட்டியலைப் படிக்கச் சொல்லிக் கேட்க அங்கே தனி அனுமதி தேவையில்லை. ‘முடிந்தது’ என்று பட்டியலில் இருக்கும் வீட்டுக்குக் கதவு இருக்கிறதா என்பது டெல்லியில் இருக்கும் கணினிக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும்.